உரிக்காத தாள்

சாவி துவாரத்துக்குள் போய்விட்டது. திரும்பத்தான் மறுத்தது.

பதினோரு மாதம் யாரும் தொடாத பூட்டு அப்படித்தான் முரண்டு பிடிக்கும் என்று வண்டு தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

அண்ணி நாலடி பின்னால் நின்றிருந்தாள். கிட்டே வரவில்லை. போகவும் இல்லை.

இந்தச் சாவி நேற்று மாலை வரை அண்ணியின் கைப்பையில்தான் இருந்தது. மழை பெய்த ஒரு காலையில் பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பிய அண்ணன் திரும்பி வராமல் போன பிறகு, தன் அம்மா வீட்டில் நாற்பது நாள் இருந்துவிட்டு வந்தவள், இந்தச் சின்ன ரூமை எட்டிப் பார்த்தாள், பூட்டினாள், சாவியைப் பையில் போட்டுக்கொண்டாள். யாரும் கேட்கவில்லை. நேற்று அவளாகவே எடுத்துச் சாப்பாட்டு மேஜை மேல் வைத்துவிட்டு எழுந்து போனாள். காரணம், அவளுக்கு வந்திருந்த ஒரு மெயில்.

வீடியோ நிறுவனம் ஒன்று. தொழிற்சாலைகளுக்குப் பாதுகாப்புப் படம் எடுத்துக் கொடுப்பவர்கள். எடிட் செய்ய ஆள் வேண்டும், வீட்டிலிருந்தே செய்யலாம், ஆனால் முதலில் ஒரு பரீட்சை. பன்னிரண்டு நிமிஷப் படத்தை வெட்டி ஒட்டி இன்று மாலை ஐந்து மணிக்குள் அனுப்ப வேண்டும். அனுப்பினால் வேலை, இந்த வீடு. அனுப்பாவிட்டால் வேறு ஊரில் ஒரு ஸ்டுடியோ, ஹாஸ்டல் கட்டில், சனிக்கிழமை ரயில். அண்ணி எதையும் மிரட்டலாகச் சொல்லவில்லை. இதையும் இட்லிக்கு மாவு இருக்கா என்று கேட்கிற குரலில்தான் சொன்னாள்.

அண்ணியின் பழைய லேப்டாப் அந்தப் படத்தைத் திறப்பதற்கே மூச்சு வாங்கியது. வீட்டில் அதைத் தாங்கக்கூடிய ஒரே மெஷின் இந்தக் கதவுக்குப் பின்னால் இருந்தது. அண்ணன் ஒவ்வொரு பாகமாக வாங்கிச் சேர்த்து, தானே கட்டிய கம்ப்யூட்டர். கட்டி முடித்து ஒரு தடவைகூட ஆன் செய்யாத கம்ப்யூட்டர்.

பூட்டு கடைசியில் மனம் இரங்கியது.

உள்ளே வாடை எதுவும் இல்லை. வண்டு அதற்குத்தான் பயந்திருந்தாள். அண்ணனின் வாடை அடிக்கும், அப்படியே உட்கார்ந்துவிடுவோம் என்று. வெறும் தூசியும் அட்டைப்பெட்டியும்தான் மணத்தன. சக்கரம் வைத்த கம்ப்யூட்டர் நாற்காலி சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்தது. யாரோ கோபித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது போல இருந்ததால் வண்டு முதல் காரியமாக அதைத் திருப்பி வைத்தாள்.

மேஜை மேல் கறுப்புக் கேபினெட். அதன் கண்ணாடிக் கதவு கழற்றிச் சுவரில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. உள்ளே நட்ட நடுவில் நின்றது ஒரு கூலர்.

வண்டு செல்போன் சர்வீஸ் கடையில் வேலை பார்ப்பவள். அவள் கையாளும் ஸ்க்ரூ எல்லாம் தும்மினால் பறந்துவிடும். இது வேறு சாதி. ஒரு கிலோவுக்கு மேல் கனம். அலுமினியத் தகடுகளை நூற்றுக்கணக்கில் அடுக்கி எழுப்பிய இரட்டைக் கோபுரம், இரண்டுக்கும் நடுவில் ஒரு ஃபேன், முன்னால் இன்னொன்று. கம்ப்யூட்டரின் மூளையான ப்ராசசரின் சூட்டை உறிஞ்சி மேலே ஏற்றி ஊதித் தள்ளுவதற்காக இவ்வளவு பெரிய கட்டடம். அதன் காலடியில் இருக்கும் ப்ராசசரோ ஒரு பிஸ்கட் அளவு.

"அதை மட்டும் பாத்துத் தொடு" என்றாள் அண்ணி, வாசலிலிருந்தே.

ஏன் என்று வண்டு கேட்கவில்லை. அவளுக்குத் தெரியும். இந்த ரூமின் ஜன்னல் துணி காயப்போடும் இடத்தைப் பார்த்து இருக்கிறது. தினமும் காலையில் அண்ணி வாளியைக் கீழே வைத்துவிட்டு, கொடிக்கும் ஜன்னலுக்கும் நடுவில் கொஞ்ச நேரம் நிற்பாள். கண்ணாடி வழியாக அந்தக் கோபுரம் தெரியும். ஒரு நாள் வண்டு பல் தேய்த்துக்கொண்டே பார்த்துவிட்டாள். அண்ணி உதட்டை அசைத்து அதனிடம் என்னவோ பேசிக்கொண்டிருந்தாள். வண்டு வாயில் நுரையோடு சத்தமில்லாமல் திரும்பி வந்தாள்.

கடைசி நாளுக்கு முந்தின நாள், "கிட்டத்தட்ட முடிச்சுட்டேன்" என்று அண்ணன் சொன்னானாம். அண்ணிக்கு அந்தக் கோபுரம் அவன் கை கடைசியாக முடித்த வேலை.

வண்டு மானிட்டரை இணைத்தாள். வயர்களை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தாள். ஸ்விட்சைப் போட்டாள்.

மெஷின் எழுந்தது.

ஃபேன்கள் சுழல ஆரம்பித்த சத்தம் பெருமூச்சு மாதிரிதான் இருந்தது. அண்ணி சட்டென்று கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். பதினோரு மாதமாக அந்த வீட்டில் அண்ணனுடையது என்று எதுவும் அசையவில்லை. சட்டைகள் மடித்தபடியே இருந்தன. செருப்பு போட்ட இடத்திலேயே இருந்தது. இப்போது அவன் திட்டமிட்ட ஒன்று தானாக மூச்சு விட்டது.

அண்ணி நாலடியையும் கடந்து உள்ளே வந்தாள். நாற்காலியில் உட்கார்ந்தாள்.

கடை ஓனருக்கு வயிற்று வலி என்று பொய் சொல்லி லீவு போட்ட வண்டு, பதினொரு மணிக்குள் எல்லா சாஃப்ட்வேரையும் ஏற்றி முடித்தாள். அண்ணி வெட்டும் வேலையை லேப்டாப்பிலேயே சின்ன அளவில் மூன்று நாளாகத் திணறித் திணறி முடித்து வைத்திருந்தாள். இனி அதை இந்த மெஷினில் திறந்து, நிறம் சரிசெய்து, முழுப் படமாக வெளியே எடுக்க வேண்டியதுதான் பாக்கி. ஒரு மணி நேர வேலை. அண்ணியின் விரல்கள் கீபோர்டில் ஓடுவதை வண்டு வேடிக்கை பார்த்தாள். கணவனிடம் கற்றுக்கொண்ட வேகம். அவனுக்குத்தான் அந்தக் கெட்ட பழக்கம், தட்டுவதற்கு முன் சுண்டு விரலை ஒரு தரம் சொடுக்குவது. அண்ணியும் சொடுக்கினாள்.

படம் நாலு சதவீதம் வெளியே வந்தது. ஃபேன்கள் அலறின. ஏழு சதவீதம். திரை இருண்டது. மெஷின் அணைந்துவிட்டது.

மறுபடி போட்டார்கள். இந்த முறை வண்டு சூட்டைக் காட்டும் எண்ணைத் திரை ஓரத்தில் திறந்து வைத்துக்கொண்டாள். ஐம்பத்தைந்து. வேலையைத் தொடங்கியதும் எண்பது. தொண்ணூற்றாறு. நூறு. இருட்டு.

வண்டு கோபுரத்தின் தகடுகளைத் தொட்டுப் பார்த்தாள். ஜில்லென்று இருந்தது. கீழே ப்ராசசர் வெந்துகொண்டிருக்கிறது, மேலே கோபுரத்துக்கு அது தெரியவே இல்லை. நடுவில் எங்கேயோ சூடு ஏற வழியில்லாமல் நிற்கிறது.

கழற்றித்தான் பார்க்க வேண்டும் என்றாள்.

"வேண்டாம்."

"அண்ணி, இது இப்படியே இருந்தா ஓடாது."

"அது அவர் மாட்டினது. நீ கழட்டினா அப்புறம் அது நீ மாட்டினது ஆயிடும்."

வண்டு ஸ்க்ரூடிரைவரை மேஜை மேல் வைத்தாள். ஓயாமல் பேசுகிறாள், காதுக்குள் வண்டு புகுந்த மாதிரி இருக்கிறது என்று அண்ணன்தான் அவளுக்கு அந்தப் பெயரை வைத்தான். அவன் போனதிலிருந்து அவளுக்குப் பேச்சு பாதி இடத்தில் நின்றுவிடுகிறது.

அண்ணி லேப்டாப்பை எடுத்து வந்து அதிலேயே முழுப் படத்தையும் எடுக்கப் பார்த்தாள். அது மூன்று சதவீதத்தில் உறைந்தது. மறுபடி தொடங்கினாள். மறுபடி உறைந்தது. சுவர்க் கடிகாரம் ஒன்றைக் காட்டியது. அண்ணி லேப்டாப்பை மூடினாள், மூடியதன் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டாள்.

"கழட்டு" என்றாள். "நான் பாக்க மாட்டேன்."

துணி காயப்போடும் இடத்துக்குப் போய் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நின்றாள். கொடியில் துணியே இல்லை.

வண்டு கேபினெட்டைப் படுக்க வைத்தாள். நடு ஃபேனின் கம்பிக் கொக்கிகளை விடுவித்து வெளியே உருவினாள். கோபுரங்களுக்கு இடையில் நீளமான ஸ்க்ரூடிரைவரை இறக்கி, இந்தப் பக்கம் அரைச் சுற்று, அந்தப் பக்கம் அரைச் சுற்று என்று மாற்றி மாற்றித் தளர்த்தினாள். ஸ்க்ரூ அசுர முறுக்கில் இருந்தது. அண்ணனுக்கு இவ்வளவு பலமா என்று ஆச்சரியமாகக்கூட இருந்தது. ஜாடி மூடி திறப்பதற்கே அவளைக் கூப்பிடுகிறவன்.

கூலரை மெல்ல இடமும் வலமும் திருகித் தூக்கினாள். கீழே சாம்பல் நிறப் பேஸ்ட், இரண்டு பக்கமும் அப்பியிருந்தது. அதன் வேலை, ப்ராசசருக்கும் கூலருக்கும் நடுவில் இருக்கும் மயிரிழை இடைவெளியை அடைத்துச் சூட்டைக் கடத்துவது. அளவாக வைக்க வேண்டும். இங்கே சுவருக்குப் பூசுகிற மாதிரி பூசப்பட்டிருந்தது.

அண்ணன் இப்படிச் செய்ய மாட்டானே என்று முதல் தடவையாகத் தோன்றியது.

கூலரைத் தலைகீழாகச் செய்தித்தாள் மேல் வைத்து, டிஷ்யூவில் ஸ்பிரிட்டை நனைத்து அடிப்பாகத்தைத் துடைத்தாள். பேஸ்ட் போனால் செம்பு பளபளவென்று வர வேண்டும். வரவில்லை. மங்கலாக, வழவழப்பாக ஏதோ வந்தது. இன்னும் துடைத்தாள். சாம்பலுக்கு அடியிலிருந்து சிவப்பு எழுத்து ஒன்று எழுந்தது. பக்கத்தில் இன்னொன்று. முழு வரியும் வந்தது. மாட்டுவதற்கு முன் இதை உரிக்கவும் என்று ஆங்கிலத்தில்.

செம்பின் மேல் கம்பெனியில் ஒட்டி அனுப்பும் பிளாஸ்டிக் தாள். அதை உரிக்காமலேயே மேலே பேஸ்ட் பூசி மாட்டியிருக்கிறது. சூடு எங்கே ஏறும்.

வண்டு கையை எடுத்துவிட்டாள்.

புது போன் வாங்கினால் பெட்டியிலிருந்து எடுக்கும்போதே மேல்தாளை உரிக்கிறவன் அவன். அவளுடைய போனுக்குக்கூட அவன்தான் உரித்தான், அதற்கு இரண்டு நாள் சண்டை நடந்தது. ரிமோட்டில், ஃப்ரிட்ஜில், மாமா வீட்டு வாஷிங் மெஷினில்கூட தாளைக் கண்டால் நகம் வைத்துவிடுவான். அவன் இதை மறந்திருக்க மாட்டான். உலகத்தில் எதை மறந்தாலும் இதை மறந்திருக்க மாட்டான்.

அப்படியென்றால் இது யார் கை?

சுவரில் சாய்த்திருந்த கண்ணாடிக் கதவில் தன் முகத்தைப் பார்த்தாள். தன் முகத்துக்குப் பின்னால், வாசலில், ஓர் ஆள் நின்றிருந்தான். அதே தோள். ஒரு பக்கம் சற்றே இறங்கிய அண்ணனின் தோள்.

வண்டு டிஷ்யூவைக் கீழே போட்டாள்.

"ஏன் கழட்டினே?" என்றது அந்த உருவம்.

அப்பா. மதியச் சாப்பாட்டுக்கு வந்திருக்கிறார். லிஃப்ட் மெக்கானிக்கின் நீலச் சட்டை, இடுப்பில் டூல் பை, கையில் கழற்றிய ஷூ. முப்பத்தொரு வருஷமாக ஊரில் உள்ள கட்டடங்களுக்கு லிஃப்ட் மாட்டுகிறவர். வீட்டுக்குள் வரும்போது காலடிச் சத்தம் கேட்காது. இந்த ரூம் பக்கம் அவர் திரும்பிப் பார்த்தே வண்டு பார்த்ததில்லை.

வண்டு படபடப்பு அடங்காமலேயே கதை முழுக்கச் சொன்னாள். ஐந்து மணி, சூடு, நூறு, இருட்டு, இந்தத் தாள். பேசிக்கொண்டே தாளின் மூலையில் நகத்தை வைத்தாள்.

"அதை உரிக்காத" என்றார் அப்பா.

குரல் உயரவில்லை. ஆனால் வண்டுவின் நகம் நின்றுவிட்டது.

"அது அவன் உரிக்கணும்."

ஜன்னலுக்கு வெளியே அண்ணி திரும்பிவிட்டாள்.

அப்பா ஷூவைக் கீழே வைத்தார். சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்தார். பிறகு, யாரும் கேட்காமலேயே, கேபினெட்டைப் பார்த்துச் சொல்ல ஆரம்பித்தார்.

அவன் போய்ப் பத்தொன்பதாம் நாள் அந்தப் பார்சல் வந்ததாம். அவன் ஆர்டர் போட்டு வைத்திருந்த கடைசிச் சாமான், இந்தக் கூலர். அண்ணி தன் அம்மா வீட்டில் இருந்தாள். வண்டு கடைக்குப் போயிருந்தாள். அப்பா கையெழுத்துப் போட்டு வாங்கினார். என்ன செய்வதென்று தெரியாமல் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். திறந்தபோது உள்ளே எழுத்தே இல்லாத, படம் மட்டும் போட்ட ஒரு தாள் இருந்தது. லிஃப்டுக்கு வருவது மாதிரியே. படம் பார்த்து மாட்டுவது அவருக்குத் தெரிந்த வேலை. மாட்டினார்.

"அப்ப உரிக்கச் சொல்லிப் படம் இருந்திருக்குமேப்பா."

"இருந்துச்சு. பாத்தேன்."

புது லிஃப்ட் மாட்டும்போது கதவு, சுவர், பித்தான் பலகை எல்லாவற்றிலும் நீலத் தாள் ஒட்டியிருக்கும். மாட்டுகிற ஆள் அதைத் தொடக்கூடாது. வேலை முடிந்து, ஓட்டிக் காட்டி, கட்டடக்காரர் வந்து தன் கையால் மூலையைப் பிடித்து உரிப்பார். அதுவரைக்கும் லிஃப்ட் மாட்டினவர்களுடையது. உரித்த பிறகு வாங்கினவர்களுடையது. அது எங்கேயும் எழுதி வைக்கவில்லை, ஆனால் அந்தத் தொழிலில் யாரும் மீறியதில்லை. அப்பாவும் இத்தனை வருஷத்தில் ஒரு தாளைக்கூட உரித்ததில்லை.

"உரிச்சுட்டா ஒப்படைச்சாச்சுன்னு ஆயிடும்" என்றார். "யார்கிட்ட ஒப்படைக்கிறது?"

வண்டு தரையைப் பார்த்தாள். தலையைத் தூக்கியபோது அண்ணி ரூமுக்குள் நின்றிருந்தாள். எல்லாம் கேட்டிருந்தது முகத்தில் தெரிந்தது.

அண்ணி அழுவாள் என்று வண்டு நினைத்தாள். அழவில்லை. கொஞ்சம் கோபமாக, கொஞ்சம் வெட்கப்பட்டது போல இருந்தாள்.

"தினமும் அது முன்னாடி நின்னு பேசிட்டு இருந்தேன் மாமா. உங்களுக்குத் தெரியும்தானே."

"தெரியும்மா."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

"நீ அங்க நின்ன முகத்தைப் பாத்தேன்" என்றார் அப்பா. "அதுக்கப்புறம் என்னன்னு சொல்றது."

அண்ணி நாற்காலியில் உட்கார்ந்தாள். சக்கரம் கிறீச்சிட்டது. அவள் கூலரைப் பார்த்தாள், அப்பாவின் கையைப் பார்த்தாள். தடித்த, கீறல் விழுந்த, ஒரு நகம் கறுத்துப்போன கை. பதினோரு மாதம் அவள் பேசியதெல்லாம் இந்தக் கைவேலையிடம்தான். அவன் கையிடம் இல்லை.

பிறகு ஒரு சிரிப்பு மாதிரி என்னவோ வந்தது அவளுக்கு. "அதான் நான் என்ன கேட்டாலும் பதில் வரல" என்றாள். "மாமா கிட்ட கேட்டா என்னைக்கு பதில் வந்திருக்கு."

அப்பாவின் மீசை ஓரம் அசைந்தது. அவ்வளவுதான் அவர் சிரிப்பு.

மணி இரண்டு ஐம்பது. வண்டு அதைச் சொல்ல வேண்டியிருந்தது. சொல்லும்போது தன்னையே வெறுத்தாள். இன்னும் இரண்டு மணி நேரம் பத்து நிமிஷம், இதில் ஒரு மணி நேரம் படம் வெளியே வருவதற்கே வேண்டும்.

"யாராவது உரிக்கணும்" என்றாள்.

அப்பா தலையை அசைத்தார், தான் இல்லை என்று. வண்டுவும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். அண்ணி நாற்காலியிலிருந்து இறங்கிச் செய்தித்தாள் பக்கத்தில் மண்டியிட்டாள்.

"இந்த மெஷின் ரெண்டு பேர் சேர்ந்து வாங்கினது" என்றாள். "பாதி எனக்கு."

மூலையில் நகத்தை வைத்தாள். முதல் தடவை பிடி கிடைக்கவில்லை. இரண்டாம் தடவை தாள் எழுந்தது. அவள் வேகமாக இழுக்கவில்லை. ஒரே சீராக, மூச்சு விடாமல் இழுத்தாள். தாள் சின்னதாகச் சத்தம் போட்டுக்கொண்டே வந்தது. அடியில் செம்பு, இதுவரை காற்றே படாத செம்பு, மூன்று பேர் முகத்தையும் கலங்கலாகக் காட்டியது.

அப்பா எழுந்து நின்றார். கட்டடக்காரர் உரிக்கும்போது மெக்கானிக் நிற்பது வழக்கமோ என்னவோ.

அதற்கப்புறம் சோகப்பட நேரமில்லை. வேலையில் ஒரு சிக்கல் வந்தது. அப்பா மாட்டிய விதத்தில் கூலர் காற்றை மேலே பார்த்து ஊதியது. பின்பக்கம் பார்த்து ஊத வேண்டும். அப்படியானால் கூலரைத் தாங்கும் இரண்டு பட்டைகளையும் கழற்றி, கால் வட்டம் திருப்பி மாட்ட வேண்டும். பட்டையைக் கழற்றினால், ப்ராசசர் உட்கார்ந்திருக்கும் போர்டுக்குப் பின்னால் அதோடு பிணைந்திருக்கும் இரும்புத் தட்டும் கழன்றுவிடும்.

கழன்றது. கேபினெட்டை நிமிர்த்தியதும் தட்டு மேஜை மேல் டங்கென்று விழுந்தது.

வண்டு அதை எடுத்துப் பின்னால் ஒரு கையால் அமுக்கி, முன்னால் பட்டையை வைத்து, ஸ்க்ரூவை நுழைக்கப் பார்த்தாள். மூன்று கை வேண்டிய இடத்தில் இரண்டுதான் இருந்தது. தட்டு மறுபடி விழுந்தது. செல்லோ டேப் ஒட்டினாள். டேப்போடு விழுந்தது. அப்பா ஒவ்வொரு முறையும் அதைக் குனிந்து எடுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருக்கு ஏதோ புரியாத மாதிரி நெற்றி சுருங்கியது.

"நீங்க பின்னாடி பிடிங்கப்பா."

அப்பா கேபினெட்டுக்குப் பின்னால் போய் உள்ளங்கையால் தட்டைத் தாங்கினார். அது சுவர் போல நின்றது. நாலு ஸ்க்ரூவும் நாலு நிமிஷத்தில் ஏறின.

பேஸ்ட் வைக்கும்போது வண்டு அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினாள். நடுவில் ஒரு பட்டாணி அளவு, மற்றதைக் கூலரின் கனமே பரப்பிக்கொள்ளும். "இவ்ளோதானா" என்றார் அவர், ஏமாற்றப்பட்டவர் மாதிரி. ஆனால் ஸ்க்ரூ முறுக்குவதில் அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. ஒரு பக்கத்தை முழுசாக முறுக்கினால் மறுபக்கம் தூக்கிக்கொள்ளும், அதனால் மாற்றி மாற்றி. அவர் காதைச் சாய்த்து, விரலால் முறுக்கின் கனத்தைக் கேட்டு, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தினார். முன் ஃபேன் மெமரிக் கட்டையில் இடித்தது. கொக்கியை மாற்றி ஒரு விரல் உயர்த்தி மாட்டினார்கள். அதனால் கண்ணாடிக் கதவு மூடவில்லை. மூடாவிட்டால் போகிறது என்றாள் அண்ணி.

மூன்றரைக்கு ஸ்விட்சைப் போட்டார்கள். முப்பத்தாறு. வேலையைத் தொடங்கியதும் ஐம்பது, அறுபது, அறுபத்தேழு. அங்கேயே நின்றது. மூன்று பேரும் படத்தைப் பார்க்கவில்லை, அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வண்டு தகடுகளில் கையை வைத்தாள். வெதுவெதுப்பாக இருந்தது. அண்ணியின் கையை எடுத்து அங்கே வைத்தாள். அண்ணி கொஞ்ச நேரம் எடுக்கவே இல்லை.

நாலு ஐம்பத்திரண்டுக்குப் படம் போய்ச் சேர்ந்தது.

அப்பா மறந்துபோன மதியச் சாப்பாட்டை ஆறிப்போனதைப் பார்க்காமல் சாப்பிட்டார். லிஃப்ட் ஒன்று நாலாவது மாடியில் நிற்கிறது என்று அவருக்கு மூன்று தடவை போன் வந்தது. வருகிறேன், வருகிறேன் என்று சொல்லிக்கொண்டே நகராமல் உட்கார்ந்திருந்தார்.

ஐந்தே முக்காலுக்குப் பதில் வந்தது. அண்ணி அதை இரண்டு தடவை படித்தாள், பிறகு போனை வண்டுவிடம் நீட்டினாள். நாளைக்குக் காலை ஒன்பது மணிக்கு முதல் வேலை அனுப்புகிறார்களாம்.

"சனிக்கிழமை நான் போகல மாமா" என்றாள் அண்ணி.

அப்பா தட்டைக் கழுவப் போனார். குழாயை ரொம்ப நேரம் திறந்து விட்டிருந்தார். ஒரு தட்டுக்கு அவ்வளவு தண்ணீர் தேவையில்லை.

மெஷினை ஹாலுக்குக் கொண்டுவந்துவிடலாம், வெளிச்சமாக இருக்கும் என்று வண்டு யோசனை சொன்னாள். அண்ணி வேண்டாம் என்றாள். அந்த ரூமிலேயே உட்கார்ந்து வேலை பார்க்கிறேன், ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்கிறேன் என்றாள். பகல் முழுக்கத் தனியாக அங்கேயா என்று வண்டு கேட்டதற்கு, பழகிடும் என்றாள்.

அப்பா கை துடைத்துக்கொண்டே வந்தார். நகக் கண்ணில் சாம்பல் பேஸ்ட் போகாமல் இருந்தது. அதைச் சுரண்டிக்கொண்டு நின்றார்.

"ஏன் வண்டு, அந்த இரும்புத் தட்டு இன்னைக்கு ஏன் விழுந்துட்டே இருந்துச்சு?"

"அது அப்படித்தாம்ப்பா" என்றாள் வண்டு. "பின்னாடி ஒரு ஆள் பிடிக்கலேன்னா நிக்காது. யார் மாட்டினாலும் ரெண்டு பேர் வேணும்."

அப்பா நகத்தைச் சுரண்டுவதை நிறுத்தினார். வண்டுவைப் பார்க்கவில்லை. திறந்து கிடந்த சின்ன ரூமின் கதவைப் பார்த்தார்.

"அன்னைக்கு வீட்டுல நான் ஒருத்தன்தான் இருந்தேன்" என்றார். "தட்டு விழவே இல்லையேம்மா."